மெக்கானிக்கல் முதல் வருடம் முடிகிறது, இன்னும் ஒரு இயந்திரத்தைக்கூடத் தொடவில்லை. இப்படித்தான் இருக்குமா?

கழற்றிப்பார் கேட்டது:

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து முதல் வருடம் முடியப்போகிறது. கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்கிற ஆள் நான். கழற்றியதில் பாதிதான் திரும்பச் சேரும், அது வேறு விஷயம். அந்த ஆசையில்தான் இந்தப் பிரிவை எடுத்தேன். ஆனால் இதுவரை படித்ததெல்லாம் கணக்கு, இயற்பியல், வேதியியல், கொஞ்சம் கோடிங், கொஞ்சம் டிராயிங். ஒர்க்‌ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொன்னார்கள், கை வலித்ததுதான் மிச்சம். லேபில் ஒரு இன்ஜினைக் குறுக்கே வெட்டி வைத்திருக்கிறார்கள், அதையும் தொடக்கூடாதாம்.

அடுத்து தெர்மோ (வெப்ப இயக்கவியல்), ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃப்ளூயிட் மூன்றும் ஒன்றாக வருகின்றன. சீனியர்கள் இப்போதே பயமுறுத்துகிறார்கள். என் கணக்கு சுமார் ரகம். ஃபார்முலா தெரிந்தால் போட்டுவிடுவேன், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பேனா நின்றுவிடும். கூடப் படிக்கிற ஒருத்தன் அதற்குள் சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் என்று டிசைன் மென்பொருள் சான்றிதழ்களாக வாங்கி அடுக்கிவிட்டான். விடுமுறையில் நானும் அதையே செய்யவா, இல்லை பாடத்தைப் படிக்கவா? இன்னொன்று, எலக்ட்ரிக் வண்டி வந்த பிறகு இன்ஜினே போய்விடும், மெக்கானிக்கலுக்கு என்ன வேலை என்று வீட்டில் ஒரே பேச்சு. பிரிவு மாற இன்னும் வாய்ப்பு இருக்கிறது. மாறிவிடலாமா என்றுகூட யோசனை. வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சுழல்தண்டு:

தம்பி, கியர்பாக்ஸ் டிசைனில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கழற்றினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அந்தத் தண்டு ஏன் 20 மி.மீ. விட்டம், 15 வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எத்தனை தடவை கழற்றினாலும் தெரியாது. பொருளைச் செய்வதற்கு முன்னாலேயே அது எவ்வளவு வளையும், எங்கே உடையும், எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் சொல்லப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. முதல் வருடத்தில் அதற்கான எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதனால்தான் சப்பென்று இருக்கிறது.

பேனா நிற்பது கணக்கு வராததால் என்று நினைக்கிறாய். என்னிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பார்த்த வரைக்கும், பத்தில் எட்டுப் பேருக்கு இடறுவது ஃப்ரீ பாடி டயகிராமில். சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள். ஏணியை மட்டும் வரை. சுவரையும் தரையையும் அழித்துவிட்டு அவை ஏணிக்குக் கொடுக்கிற விசைகளையும் ஏணியின் எடையையும் மட்டும் அம்பாகப் போடு. கேட்க எளிது, ஆனால் பாதிப் பேர் ஏணி சுவரைத் தள்ளுகிற அம்பைப் போடுவார்கள், சுவர் ஏணியைத் தள்ளுவதைத்தான் போட வேண்டும். இன்னும் சிலர் தரையின் உராய்வை மறந்துவிட்டு, சமன்பாடு ஏன் தீரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். படம் சரியாக வந்துவிட்டால் மிச்சம் கூட்டல் கழித்தல்தான். வருகிற பாடங்களில் முக்கால்வாசி இந்தப் படத்திலிருந்துதான் கிளம்புகிறது.

சரி, விடுமுறையில் ஒரு காரியம் செய். ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடு, 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் இருக்கிற மாதிரி. மேசை விளிம்பில் வைத்து கிளாம்பால் இறுக்கு, 250 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். நுனியில் 100 கிராம் தொங்கவிடு. எவ்வளவு தாழும் என்று தொங்கவிடுவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டு எழுதி வை. சுமையை நீளத்தின் கியூபால் பெருக்கி, அதை 3 பெருக்கல் யங் மாடுலஸ் பெருக்கல் ஐ என்பதால் வகுக்க வேண்டும். ஐ என்பது அகலம் பெருக்கல் தடிமனின் கியூப், வகுத்தல் 12. யங் மாடுலஸ் என்பது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், ஸ்டீலுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். போட்டுப் பார்த்தால் 12 மி.மீ. சொச்சம் வரும். அப்புறம் 200 மி.மீ. மட்டும் நீட்டி அதே எடையைத் தொங்கவிடு, 6 மி.மீ. சொச்சம்தான் தாழும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததற்கு வளைவு பாதியாகிவிட்டது. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவனுக்கு அந்த ஃபார்முலா மறக்காது.

கூடவே ஒரு கேள்வி, யோசித்து வை: அதே ஸ்கேலைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்தினால் வளைவு குறையுமா? குறையாது. வலிமை கூடும், அதாவது நிரந்தரமாகக் கோணுவதற்கு முன் அதிகச் சுமை தாங்கும். விறைப்பு அப்படியேதான் இருக்கும், யங் மாடுலஸ் அதனால் மாறாது. அதே அளவில் அலுமினியத்தில் செய்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வளையும், அதன் மாடுலஸ் 70தான். வலிமையும் விறைப்பும் வேறு வேறு என்பது புரியாமலே டிகிரி வாங்குகிறவர்கள் உண்டு.

ஆன்சிஸ் சான்றிதழ் பற்றி. உள்மூலை கூராக இருக்கிற ஒரு எல் வடிவத் தகட்டை அதில் போட்டு சுமை கொடு. மூலையில் ஒரு ஸ்ட்ரெஸ் காட்டும். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகத் தகட்டைத் துண்டுகளாகப் பிரிக்கிற வலையை, இன்னும் பொடியாக்கு, ஸ்ட்ரெஸ் ஏறும். மறுபடி பொடியாக்கு, இன்னும் ஏறும். நிற்கவே நிற்காது, ஏனென்றால் கணக்கின்படி அந்தக் கூர்மூலையில் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே இல்லை. எந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவாய்? பட்டனை எங்கே அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் இதற்குப் பதில் கிடைக்காது. பாடம் படித்தவன் அங்கே ஒரு ஃபில்லெட் வளைவு கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவான். முதலில் பாடம், மென்பொருள் அப்புறம்.

அரியர்இல்லா:

மூன்றாம் வருடம் படிக்கிறேன். மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. கேட் (CAD), அதாவது கணினியில் டிசைன் வரைகிற மென்பொருள் ஒன்று இப்போதே பழகிக்கொள், ஒன்று போதும், எது என்பது முக்கியமில்லை. ஃபார்முலா ஸ்டூடண்ட், பாஹா மாதிரி மாணவர் வண்டி அணி எதுவும் உங்கள் கல்லூரியில் இருந்தால் அங்கே முதலில் கேட்பதே, வரையத் தெரியுமா என்றுதான். தெரியாது என்றால் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலைதான், அதுவும் மோசமில்லை.

நீங்கள் தேடுகிற இயந்திரம் வகுப்பில் கிடைக்காது, அங்கேதான் கிடைக்கும். எங்கள் அணியில் நான் பிரேக் பக்கம். பெடல் விகிதம், மாஸ்டர் சிலிண்டர் பரப்பு, காலிபர் பிஸ்டன் பரப்பு என்று எல்லாம் கணக்குப் போட்டு வண்டியில் ஏற்றினோம், பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. குழாயில் காற்று. கணக்கில் எங்குமே காற்று வராது, ஏனென்றால் திரவம் அமுங்காது என்று வைத்துத்தான் தொடங்கியிருப்போம். ஃப்ளூயிட் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் பல்க் மாடுலஸ் என்று, திரவம் அமுங்க எவ்வளவு மறுக்கும் என்பதைச் சொல்கிற ஒன்று வரும், எல்லோரும் தாண்டிப் போவோம். அன்றைக்குத்தான் அதைத் திரும்பப் படித்தேன்.

தெர்மோவுக்குப் பயப்படாதீர்கள், கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளூயிட்தான் உண்மையில் கஷ்டம்.

நீராவி:

தெர்மோ நடத்துகிறவன் என்பதால் அந்த ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மாணவர்கள் இதில் விழுகிற இடங்கள் எல்லா வருடமும் ஒன்றேதான். கேள்வியைப் படித்ததும் ஃபார்முலா தேடுகிறார்கள். அதற்கு முன் பென்சிலால் ஒரு புள்ளிக்கோட்டு எல்லை வரையுங்கள்: இதற்கு உள்ளே இருப்பதுதான் என் சிஸ்டம் என்று. சிலிண்டருக்குள் அடைபட்ட வாயுவா, டர்பைன் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும் நீராவியா? அடைபட்டது என்றால் உள்ளாற்றல், ஓடுவது என்றால் என்தால்பி, அதாவது உள்ளாற்றலோடு அழுத்தம் பெருக்கல் கன அளவையும் சேர்த்தது. எல்லையை வரையாமல் இந்த இரண்டில் ஒன்றை எடுத்தால் அது அதிர்ஷ்டச் சீட்டுதான். அடுத்தது குறி. சிஸ்டம் செய்கிற வேலையை நேர்மறை என்று ஒரு புத்தகம் வைக்கும், சிஸ்டத்தின் மேல் செய்யப்படுவதை நேர்மறை என்று இன்னொன்று வைக்கும். இரண்டும் சரி. இரண்டு புத்தகத்தையும் கலந்து படித்தால்தான் வம்பு. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கெல்வின். 600 டிகிரி செல்சியஸில் வெப்பத்தை வாங்கி 30 டிகிரியில் வெளியே தள்ளுகிற ஒரு இயந்திரம் அதிகபட்சம் எவ்வளவு திறனோடு இருக்க முடியும் என்று கேட்பேன். செல்சியஸை அப்படியே போட்டு 95 சதவீதம் என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். கெல்வினில் அது 873, 303. ஒன்றிலிருந்து 303 வகுத்தல் 873ஐக் கழித்தால் 65 சதவீதம். சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824லேயே இந்த எல்லை இருக்கிறது என்று காட்டிவிட்டார். உராய்வே இல்லாத, கசிவே இல்லாத இயந்திரம் செய்தாலும் அதைத் தாண்ட முடியாது. இந்த மாதிரி வெப்பநிலையில் ஓடுகிற நல்ல நீராவி மின்நிலையங்களே நாற்பதுகளில்தான் நிற்கின்றன. ஆகவே 95 என்று விடை வந்தால் கால்குலேட்டரை நம்பாமல் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தேகம் வர ஆரம்பித்தாலே பாடம் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

நீராவி அட்டவணையைப் பார்த்ததும் மிரள்வார்கள். விடுமுறையில் நேரமிருந்தால் அதிலிருந்து ஒரே ஒரு வரிசையை எடுத்து உட்காருங்கள், சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரி. ஒரு கிலோ தண்ணீரை பூஜ்யத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 419 கிலோஜூல். கொதிநிலைக்கு வந்த அதே தண்ணீரை முழுதாக ஆவியாக்க 2,257. வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல் ஐந்து மடங்குக்கு மேல் ஆற்றலை விழுங்குகிறது. கொதிகலன் ஏன் அவ்வளவு பெரியது, நீராவி பட்டால் ஏன் வெந்நீரைவிட மோசமாகச் சுடும் என்பதெல்லாம் இந்த ஒரு வரிசையிலேயே இருக்கிறது.

ஃப்ளூயிட் கஷ்டம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், மறுக்க மாட்டேன். 25 மி.மீ. குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர் போனாலே, ஓட்டம் சீரானதா கொந்தளிப்பா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 25,000 பக்கம் வந்துவிடுகிறது. குழாயில் ஓட்டம் சீராக இருப்பது சுமார் 2,300 வரைதான். அதாவது நாம் அன்றாடம் பார்க்கிற ஓட்டத்தில் பெரும்பாலானவை கொந்தளிப்பு ரகம், அதற்குக் கையால் போடுகிற அழகான தீர்வு கிடையாது, சோதனையிலிருந்து வந்த வரைபடங்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சுத்தமான கணக்கை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை.

கழற்றிப்பார்:

எல்லோருக்கும் நன்றி. சுழல்தண்டு அண்ணா, தம்பி இல்லை, தங்கை. ஸ்கேல் சோதனை செய்தேன். 250க்கு 13.5 மி.மீ. தாழ்கிறது. 12.3தான் வர வேண்டும். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், கணக்கில் தப்பு இல்லை. கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லையா?

சுழல்தண்டு:

சரிம்மா, தங்கை. கிளாம்ப் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தாலும் கூடுதலாகத் தாழும், அதனால் அதையும் பார். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்கேலை. 1 மி.மீ. தடிமன் என்று நான் சொன்னேன், நீ அளந்தாயா? லேபில் மைக்ரோமீட்டர் இருக்கும், மூன்று நான்கு இடத்தில் பிடித்துப் பார். 0.97 இருந்தால்கூடப் போதும், தடிமன் கியூபில் போவதால் விடை 13.4 ஆகிவிடும். 3 சதவீதம் மெலிந்ததற்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிக வளைவு. வெர்னியரை வைத்து அளக்காதே, சாதாரண வெர்னியருக்கு 0.02 வரைதான் கண் தெரியும், இந்தச் சமாச்சாரத்துக்கு அது பத்தாது. ஸ்கேலின் சொந்த எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதைக் கழித்துவிட்டாய் அல்லவா? அதுவே இரண்டு மி.மீ.க்கு மேல் இருக்கலாம். நீ 13.5 என்கிறதைப் பார்த்தால் கழித்திருப்பாய் போலிருக்கிறது.

டர்னிங்கடை:

இருபது வருடமாக லேத், மில்லிங் என்று ஓட்டிக்கொண்டிருப்பவன், டிகிரி கிடையாது. மேலே பேசுகிற 0.03 விவகாரத்தால்தான் எழுதுகிறேன். புதிதாகப் படித்து வருகிற பிள்ளைகள் டிராயிங்கில் எல்லா அளவுக்கும் பிளஸ் மைனஸ் 0.01 போட்டு அனுப்புவார்கள். எதற்கு என்றால் துல்லியமாக இருக்கட்டுமே என்பார்கள். பேரிங் உட்காருகிற இடத்துக்கு அது வேண்டும், வெளியே காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகத்துக்கு எதற்கு? ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நேரம், கூலி, தனி அளவுக் கருவி. எச்7, ஜி6 என்று, துளையும் தண்டும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதற்கான ஃபிட் அட்டவணை ஒன்று டிராயிங் பாடத்தில் வரும், தூக்கம் வருகிற பாடம்தான், அதை மட்டும் முழித்திருந்து கேளு.

இரும்பை ராவினது வீண் என்று நினைக்காதே அம்மா. ஒரு முகத்தைச் சமமாக்கி, பக்கத்து முகத்தை அதற்கு நேர் 90க்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று கை அறிந்தவர்கள், பிறகு டிராயிங்கில் செங்குத்து என்ற அடையாளத்தைக் கண்ட இடத்திலெல்லாம் போட மாட்டார்கள். இன்னொன்று, தண்டில் படி வருகிற இடத்தில் மூலையைக் கூராக விடச் சொல்லாதே. அங்கேதான் உடைந்து என்னிடம் திரும்பி வரும்.

சுழல்தண்டு:

அண்ணன் கடைசியில் சொன்னது ஒரு பாடமே. ஓடுகிற தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மேலும் கீழும் வளைகிறது, அதாவது ஒரே இடம் இழுபட்டு அமுங்கி இழுபட்டு அமுங்கி என்று கோடிக்கணக்கில் நடக்கும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய சுமைக்கு வெகு கீழேயே முறிந்துகொண்டிருந்தன. ஜெர்மனியில் வோலர் என்பவர் அதை உட்கார்ந்து சோதித்தார். சுமையின் அளவோடு, அது எத்தனை தடவை வந்து போகிறது என்பதும் கணக்கில் சேர்ந்தது அப்போதுதான். மெஷின் டிசைன் பாடத்தில் எஸ்-என் வரைபடம் (எந்த ஸ்ட்ரெஸ்ஸில் எத்தனை தடவைக்குப் பிறகு உடையும் என்று காட்டுவது) என்று வரும்போது இந்த அச்சுகளை நினைத்துக்கொள்.

பாதைமாறி:

மெக்கானிக்கல் முடித்துவிட்டு மென்பொருள் பக்கம் போனவன். பிரிவு மாறுவது பற்றி யாரும் தொடவில்லை, அதனால் நான்.

எலக்ட்ரிக் வண்டியால் இன்ஜின் வேலை குறையும், அதை மழுப்ப வேண்டாம். பிஸ்டன், வால்வு, எக்ஸாஸ்ட் மட்டுமே தெரிந்தவர்களுக்கு நெருக்கடிதான். ஆனால் அந்த வண்டியைத் திறந்து பாருங்கள். பேட்டரி செல்களுக்கு ஏறக்குறைய நம் உடம்புக்குப் பிடித்த வெப்பநிலைதான் பிடிக்கும், ரொம்பச் சூடானால் ஆயுள் குறையும், ரொம்பக் குளிர்ந்தால் வேகமாகச் சார்ஜ் ஏற்ற முடியாது. ஆகவே அதற்குக் குளிர்விக்கும் தகடு, பம்ப், வெப்பமாற்றி எல்லாம் வேண்டும், எல்லாமே நீராவி சார் நடத்துகிற பாடம். மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும், அதைக் குறைக்க கியர் வேண்டும், இன்ஜின் சத்தம் இல்லாததால் அந்தக் கியரின் கீச்சொலி தெளிவாகக் கேட்கும், அதைக் குறைக்கத் தனிப் படையே வேலை செய்கிறது. பிரேக், சஸ்பென்ஷன், பாடி எங்கும் போகவில்லை. வண்டியை விடுங்கள், காற்றாலை, செயற்கை மூட்டு, சர்வர் அறைகளைக் குளிர்விப்பது, சிப் செய்கிற இயந்திரங்கள் என்று எங்கே பார்த்தாலும் சுழல்வதும் சூடாவதும் அதிர்வதும் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் ஆரம்பச் சம்பளம் மென்பொருளைவிடக் குறைவு, தொழிற்சாலை ஷிப்ட் இருக்கும், ஊர் மாற வேண்டியிருக்கும், வீட்டிலிருந்தபடியே வேலை என்பது அபூர்வம். எனக்கு அது ஒத்துவரவில்லை, போய்விட்டேன். போன இடத்தில் படித்தது வீணாகவும் இல்லை. ஒரு கம்பியில் வெப்பம் பரவுவதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி பைத்தானில் எழுதிப் பாருங்கள், முப்பது வரிகூட வராது. நேர இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினால் விடை தாறுமாறாகக் கிறுக்கும். ஏன் என்று தேடினால் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பாடம் பாதி முடிந்தது. கோடிங் கற்க மெக்கானிக்கலை விட்டு ஓட வேண்டியதில்லை.

மாறுவதா வேண்டாமா என்றால், ஸ்கேல் 1.2 மி.மீ. அதிகமாகத் தாழ்ந்ததற்கு மூன்று முறை கணக்கைச் சரிபார்த்திருக்கிறீர்கள். நான் படித்த வகுப்பில் பெரும்பாலோர், நானும் சேர்த்துத்தான், 12.3 என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு வெளியே போயிருப்போம். இருங்கள் என்றே சொல்வேன். இரண்டாம் வருட முடிவிலும் தெர்மோவும் ஸ்ட்ரெங்த்தும் அலுப்பாகவே இருந்தால் அப்போது யோசியுங்கள், அதற்குள் மாறும் வாய்ப்பு மூடிவிடுமா என்று மட்டும் அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிப்பார்:

மைக்ரோமீட்டரில் 0.97, 0.97, 0.98, ஒரு ஓரத்தில் 0.96. சொந்த எடையை முதலிலேயே கழித்துவிட்டேன் அண்ணா. மாறும் விண்ணப்பத்தை இப்போதைக்கு ஓரமாக வைத்திருக்கிறேன். அரியர்இல்லா, எங்கள் கல்லூரியில் பாஹா அணி இருக்கிறது, வெல்டிங்குக்கு ஆள் தேடுகிறார்களாம். வெல்டிங் தெரியாமல் போனால் சேர்த்துக்கொள்வார்களா?

அரியர்இல்லா:

சேர்த்துக்கொள்வார்கள், முதல் ஒரு மாதம் குழாய் நுனிகளைத் தேய்த்துக் கொடுக்க விடுவார்கள். அரம் பிடிக்கத் தெரியும் என்று சொல்லுங்கள். பருத்திச் சட்டை, மூடிய காலணி, முழு முகக் கவசம் இல்லாமல் வெல்டிங் பக்கம் நிற்கவே நிற்காதீர்கள். வேறு யாராவது வெல்டு செய்கிறார்கள் என்றாலும் அந்த ஒளியை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது.